தண்ணீருக்கு முதலில் தெரிந்தது

லிப்ட் மெக்கானிக்குக்குப் பழையது ஏதாவது ஞாபகம் வந்தால் அந்த வீட்டுத் தண்ணீர் முழுவதும் அலையடித்தது. ஞாபகம் வந்தது அவருக்கு மட்டும் தெரியவில்லை. மூளைக்காய்ச்சலில் படுத்துப் பிழைத்து வீடு திரும்பியவர், மனைவியிடம் "நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். மருந்துக்கடையில் வேலை பார்த்த அவள், "ஆமாங்க" என்றாள். அன்று சாப்பாடு போடும்போது, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, கல்யாணத்துக்கு முன்னால் தான் லிப்டில் மாட்டிக்கொண்டு அழுததையும், கதவைத் திறக்கும்வரை அவர் வெளியே நின்று தம் அம்மாவின் சமையலைக் குறை சொல்லியே தன்னைச் சிரிக்க வைத்ததையும் சொன்னாள். "நல்ல மனுஷனா இருப்பார் போல" என்றார் அவர். அந்த நேரத்தில் டம்ளர் தண்ணீர் சீராக ஏறி இறங்கியது, குளியலறை வாளி தளும்பியது, மாடித் தொட்டி வழிந்து கீழ்வீட்டுத் துணிகளை நனைத்தது.

ஆஸ்பத்திரியில் அவர் தலையெல்லாம் ஒயர் ஒட்டி மூளை அலையை எடுத்தார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச, திரையில் ஓடிய கோடும் மேசைமேல் இருந்த தண்ணீரும் ஒரே தாளத்தில் ஆடின. டாக்டரம்மா ரத்த அழுத்தம் சொல்கிற குரலில் சொன்னாள்: "அவருக்குள்ள ஞாபகம் வருதும்மா. வந்து வாசல்லயே நிக்குது. உள்ள கூப்பிட அவருக்குத் தெரியல." இத்தனை நாளும் எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தவளுக்கு, இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று புரியாமல் அந்த டம்ளரையே கும்பிட்டாள்.

அவளுடைய அண்ணனுக்கு இது புரியவில்லை. "யாரோ ஒருத்தனுக்கு எத்தனை நாள் சோறு போடுவே? கிளம்பு என்கூட" என்று வந்து நின்றார். "உட்காருண்ணா, காபி குடி" என்றாள். கல்யாணத்தன்று அண்ணன் கோபித்துக்கொண்டு போனதையும், மாப்பிள்ளையே பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்ததையும் மெதுவாகச் சொன்னாள். மெக்கானிக் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் புன்னகைத்தார். காபி அலையடித்து அண்ணனின் சட்டையில் ஏறியது. அண்ணன் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார், தங்கையைக் கூப்பிடாமலேயே கிளம்பினார். மறுவாரம் ஒரு நல்ல துடைப்பான் வாங்கி அனுப்பினார்.

வருடங்கள் போயின. அவள் தினம் கொஞ்சம் பேசினாள், கொஞ்சம் துடைத்தாள். ஒரு மதியம் அவள் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுத் தண்ணீர் அத்தனையும் கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. குழாயில் சொட்டிய துளிகூடப் பாதியில் தொங்கியது. அவர் முகம் சவரம் செய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பழைய வீட்டுல, மழையில ஜன்னல் தாழ்ப்பாள் உடைஞ்சுதே. நீ முதுகு கொடுத்து நின்னே. நான் ஆணி தேடினேன்."

அவள் அதை அவரிடம் சொன்னதே இல்லை, அவளே மறந்திருந்தாள். அவர் 'நீ' என்றது காதில் இனித்தது. "ஆணி கிடைச்சுதா?" என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"எங்க கிடைச்சுது? உன் சீப்பைத்தான் செருகினேன். உடைஞ்சு போச்சுன்னு ரெண்டு நாள் என்கிட்ட பேசலையே நீ!"

அவள் சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள். வேறெதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. சாயங்காலம் மறுபடி "நீங்க" என்றார், தண்ணீரும் மறுபடி ஆடத் தொடங்கியது. கீழ்வீட்டுக்காரர்கள் கொடியிலிருந்த துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.