ரெண்டு மார்க்கு

இந்தப் பல்கலைக்கழகம் என்னைப் படிக்கக் கூப்பிடவில்லை, ரக்பி ஆடக் கூப்பிட்டது. பருவத்துக்கு எட்டு ஆட்டம் ஆடினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. ஏழு ஆடினால் முழுசாகக் கட்டு, இல்லையென்றால் ஊருக்கு நடையைக் கட்டு.

ஆறு ஆடிவிட்டேன். மிச்சம் இரண்டும் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில். போன சனிக்கிழமை ஒருத்தியை மடக்கப் பாய்ந்தேன், அவள் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இறங்கியது. எழுந்து எதிரணி வரிசையில் போய் நின்றேனாம். எனக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை தலைப் பரிசோதனை என்றார் அணி மருத்துவர். தேறாவிட்டால் மூன்று வாரம் உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பரிசோதனையை அணியில் சேர்ந்தவுடன் நல்ல தலையோடு ஒருமுறை எல்லோரும் முடித்திருந்தோம். ஐந்து சொல்லை நினைவு வைத்துச் சொல்வது, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது. மொத்தம் முப்பது மார்க்கு. அடிபட்ட பிறகு எடுப்பதை அதோடு ஒப்பிட்டு, குறைந்தால் உட்கார வைப்பார்கள். அதனால் விவரம் தெரிந்த எவளும் முதல் தடவை ஒழுங்காகச் செய்யமாட்டாள். என் அறைத்தோழி பீரோ (நாலு பேர் தள்ளினாலும் நகரமாட்டாள், அதனால் அந்தப் பெயர்) வேண்டுமென்றே உளறி இருபத்திரண்டு வாங்கினாள்.

நான் முப்பதுக்கு முப்பது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிறாள். நான் என்ன படிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கழித்தல் தெரியும். தொண்ணூற்றெட்டு என்று வந்து நின்றால், ரெண்டு எங்கே போச்சு என்பாள். அப்படி வளர்ந்தவளுக்குத் தப்பாகச் சொல்ல நாக்கு எங்கே வளையும்?

பீரோ தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைன்னதும் பல்லை இளிச்சுக்கிட்டுப் போய் ஃபர்ஸ்ட் வந்துட்டியா? அறிவிருக்காடி?"

இருந்ததால்தான் வினை.

ஞாயிறு முழுக்க விடுதிச் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட். மறுபடியும் ஆகஸ்ட். எந்த மாதம் விழுகிறது என்று விரல் விட்டு எண்ணித்தான் பிடித்தேன். துணி உலர்த்தும் மெஷின் என் நெற்றிப்பொட்டுக்குள் சுற்றியது.

திங்களன்று மாதங்கள் தப்பவில்லை. ஒரு தடவை கால் ஊன்றினேன். ஒரு சொல் வரவில்லை.

"இருபத்தெட்டு. முன்னாடி முப்பது எடுத்திருக்கீங்க. ஆட முடியாதும்மா."

பீரோ இருபத்திரண்டை வைத்துக்கொண்டு ஆடுகிறாளே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் அவளும் பெட்டியைக் கட்டுவாள். எனக்கு ஒரு மார்க்கும் கூடிவிடாது.

"கிரேஸ் மார்க்கு ரெண்டு போடுங்க மேடம். கால்ல வேணா விழறேன்."

"இன்னொரு அடி வாங்கினா, பட்டம் வாங்க ஆளே இருக்காது" என்று ஃபைலை மூடினார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். இன்றைக்குப் பரீட்சை என்று நான்தான் உளறியிருந்தேன். பக்கத்து மெஷின்காரிகள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்பாள் போல, பின்னால் ஒரு தையல் சத்தமும் இல்லை.

முப்பதுக்கு இருபத்தெட்டு என்றேன்.

அவள் கழித்துப் பார்க்கும் நேரம்.

"ரெண்டு எங்கடி போச்சு?"

கதவு, மணல், சேவல், நூல். இன்னொன்று என்ன?

"தெரியலம்மா" என்றேன்.