மறுத்தார்

"அந்த ஊசிக்கு கோர்ட் ஆர்டர் கேக்காதீங்க, டாக்டர்."

சொல்லிவிட்டாள் டெஸ்ஸா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலைமை நர்ஸ் லொரெயின் விரலை நீட்டி எச்சரித்திருந்தாள்: "மருந்து விஷயத்துல மட்டும் வாயத் தொறக்காத. நீ பாடம் எடுக்க வந்தவ." காலைக் கூட்டத்தில் காபிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. டெஸ்ஸாவின் காதுமடல் சுட்டது.

ஒஹாயோவின் அந்த அரசு மனநல மருத்துவமனையில் அவள் எடுப்பது கோர்ட் பாடம். தன்மேல் உள்ள வழக்கே புரியாத அளவுக்குப் புத்தி கலங்கியவர்களை நீதிமன்றம் இங்கே அனுப்பும். நீதிபதி யார், வக்கீல் எதற்கு என்று இவள் சொல்லிக்கொடுப்பாள். மருந்து மூளையைத் தெளியவைக்கும். தேறியவனை விசாரணைக்குத் திருப்பி அனுப்புவார்கள். டாயல் டாக்கெட் தேறவில்லை. அடகுக்கடைக் காவலாளியின் தோளை மண்வெட்டியால் உடைத்தவன். அரசு வக்கீல் சுவருக்குள்ளிருந்து பேசுகிறார் என்பான். மாத்திரையைத் தொடமாட்டான். பிடித்துவைத்து ஊசி போட, இன்று காலை பதினோரு மணிக்கு நீதிபதியிடம் அனுமதி கேட்கப்போகிறார் டாக்டர் ப்ரூவர்.

"நாப்பத்தோரு தடவ மறுத்திருக்கான், டெஸ்ஸா. தாள்ல இருக்கு," என்றார் ப்ரூவர்.

"ஏன் மறுத்தான்னு தாள்ல இருக்கா?"

அதற்குத் தாளில் கட்டமே இல்லை. மாத்திரைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். வேண்டாமென்று தலையாட்டினால் 'மறுத்தார்' கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. நாற்பத்தொன்றில் பதினொரு கையெழுத்து டெஸ்ஸாவுடையது. திங்கட்கிழமையிலிருந்து அவளைத் தூங்கவிடாதது அதுதான்.

திங்கட்கிழமை வகுப்பில், "வக்கீலோட வேலை என்ன?" என்று கேட்டாள்.

"உன்ன மாதிரி நிறுத்தாமப் பேசறது, டீச்சரம்மா," என்றான் டாயல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, மாத்திரையை ஏன் தொடுவதில்லை என்று கேட்டுவைத்தாள். டாயல் கழுத்தை இடது தோள்வரை முறுக்கி, தாடையைக் கோணலாக்கி, நாக்கை வெளியே தள்ளினான். கோமாளித்தனம் என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். அதுதான் பதில் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"ஜெயில்ல இதே மருந்துதான் குடுத்தாங்க. மூணு மணி நேரம் கழுத்து இப்படியே நின்னுபோச்சு. நடிக்கறேன்னான் காவக்காரன். வேற எதாவது குடு, நானே முழுங்கறேன்."

"உங்க வக்கீல்கிட்ட சொல்லட்டுமா?"

"ஜட்ஜுகிட்டயே சொல்லு. செவுத்துகிட்ட மட்டும் சொல்லிடாத."

கூட்டத்தில் அவள் இதையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு ப்ரூவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசின்னா எல்லாருமே பேரம் பேசுவாங்க. அந்த அடகுக்கடைக் காவலாளி ஒரு வருஷமாத் தோளத் தூக்க முடியாம வழக்குக்காகக் காத்திருக்கான். அவனுக்கு என்ன சொல்ல?"

அது குத்தியது. அதில் உண்மை இருந்தது.

"அவருக்காகவும்தான் சொல்றேன். முழுங்கறேங்கறவன அமுக்கிப் பிடிச்சுக் குத்தினா, அப்புறம் எவன் கையாலயும் பச்சத்தண்ணி வாங்கமாட்டான். வழக்கு எப்ப நடக்கும்?"

"உனக்கு எப்பம்மா டாக்டர் பட்டம் குடுத்தாங்க?" என்றாள் லொரெயின்.

டெஸ்ஸாவின் அம்மா முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இருபத்திரண்டு வருடம் தலை நிமிராமல் விரிப்புகள் துவைத்தவள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் இவளுடையது. "டிக்குக்குக் கையெழுத்துப் போட பட்டம் எதுக்கு? எங்கம்மாவே போட்டிருப்பாங்க."

"கோர்ட்ல போய் நீ சாட்சி சொன்னா," ப்ரூவர் மெதுவாகச் சொன்னார், "வர்ற திங்கக்கிழமை உனக்கு இங்க நாற்காலி இருக்கும்னு என்னால சொல்லமுடியாது."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். காலை ஏழு மணிக்கே, வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தபடி டாயலின் வக்கீலுக்குப் போன் செய்து, சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. கதவருகே திரும்பிப் பார்த்தபோது ப்ரூவர் அந்தத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார், முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

தாழ்வாரத்தில் டாயல் காகிதக் கோப்பையில் தண்ணீரோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி அதட்டினான்: "இன்னிக்கு நீ சும்மா இரு. எனக்காகப் பேச ஆள் போகுது."

இரும்புக் கதவு கிர்ரென்று திறந்தது. வெளியே பனி பெய்து ஓய்ந்திருந்தது. அவள் வண்டிக் கண்ணாடியைக் கோட்டின் கையாலேயே துடைக்க ஆரம்பித்தாள்.