ஆறாயிரத்து நானூறு படமும் ஒரு முகமும்

"என் அண்ணன் செத்துப் போயிருக்கான். நான் என்னடான்னா கேஸ்ல ஜெயிச்சவ மாதிரி மூஞ்சி முழுக்கப் பவுடரோட நிக்கிறேன். இதுக்குப் பேரு போட்டோவா?"

"ஆண்ட்டி, கொஞ்சம் உட்காருங்க."

"உட்கார மாட்டேன். நின்னுக்கிட்டேதான் கேப்பேன். என் சிவப்புத் துணி எங்கே? கூடப் பொறந்தவ நான், அண்ணனுக்காகச் சிவப்பு கட்டினேன். இதுல ஆரஞ்சு மிட்டாய் கலர்ல இருக்கு."

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் மேடம் டச்சிவா. வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தவன் ஒஃபோசு, குமாசி நகரத்தில் எங்கள் பந்தாமா தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவன் ஸ்டுடியோவுக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அதில் ஓட்டை எதுவும் நான் போட்டதில்லை. இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

டச்சிவாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. பத்து வருடமாக விதவிதமான சோப்பு போட்டுத் தன் நிறத்தை வெளுக்கவைத்துக்கொண்டிருக்கும் பெண்மணி, ஒரு போட்டோவில் இலவசமாக வெளுத்ததற்குச் சண்டைக்கு வருகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் விஷயம் வேறு. அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டுக்காக ஆறு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அவன் போனதில் இவளுக்குச் சந்தோஷம்தான் என்று குமாசியில் பாதிப் பேர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியிடம் நான் பேசவில்லை. இந்த நேரத்தில் துக்கத் துணியெல்லாம் வெளிறி, முகமெல்லாம் வெள்ளையாகி, முந்நூறு படம் குடும்ப வாட்ஸாப்பில் போய் விழுந்துவிட்டது. ஜெர்மனியில் இருக்கும் ஒரு மருமகன், "அத்தை, வீட்ல யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?" என்று கேட்டிருந்தான். பிள்ளை பிறந்தாலும் வழக்கில் ஜெயித்தாலும்தானே நாங்கள் வெள்ளை பூசுவோம்.

"நாப்பதாம் நாளுக்கு ஆல்பம் என் தம்பி நியார்கோ கைக்குப் போகணும். இப்ப அவன்தான் குடும்பத்துக்குத் தலைவன். இந்த லட்சணத்துல போச்சுன்னா, நீ எங்க வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. கேட்டுக்கோ."

அம்மாள் போய்விட்டார். வாசப்படி என்ற சொல்லில் ஒஃபோசு வெளிறிய வெளிறல் அந்த முந்நூறு படத்திலும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். டச்சிவாவின் மகள் செர்வாவைக் கேட்டு, நாற்பதாம் நாள் முடிந்ததும் கதவு தட்டப் போக வேண்டுமென்று என்னிடம் சட்டைக்கு அளவு கொடுத்திருந்தான். கையில் ஜின் பாட்டிலோடு போய்ப் பெண் கேட்பதைத்தான் கதவு தட்டுவது என்போம். அந்தச் சட்டை காலர் வைக்காமல் என் மெஷின் மேல் கிடந்தது.

நான் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"எப்பவும் பண்றதுதான், கொனாடு அக்கா. மூணு நாள் சாவுக்கு ஆறாயிரத்து நானூறு படம். ஒண்ணொண்ணா உட்கார்ந்தா ஈஸ்டர் வந்துரும். ஒரு படத்தைச் சரி பண்ணி, அதையே எல்லாத்துக்கும் போடுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டு ஃபூஃபூ சாப்பிடப் போயிட்டேன்."

"பழைய படம் இருக்குமே?"

"டிஸ்க்ல இடம் இல்ல. அதே பேர்ல, அது மேலயே சேமிச்சிட்டேன். கேமரா கார்டெல்லாம் அழிச்சு, அடுத்த சனிக்கிழமை சாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

எங்கள் ஊரில் சனிக்கிழமை தவறினாலும் சாவு தவறாது. அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது.

"முதல்ல சரி பண்ணினியே ஒரு படம், அது யாரோடது?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். கரண்ட் இல்லாததால் அது சுற்றக்கூட இல்லை.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு," என்றான் மெதுவாக.

கரண்ட் வந்ததும் நானே திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பந்தல் நிழலில், தண்ணீர்ப் பாக்கெட் தட்டோடு, செர்வா. நல்ல கறுப்பு அவள். இருட்டில் நின்றவளின் கன்னத்து எலும்பு தெரியும்வரை, கழுத்து மடிப்பு தெரியும்வரை வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். அந்த ஒரு படம் அத்தனை அழகு. அதே வெளிச்சத்தை வெயிலில் நின்ற மொத்தக் குடும்பத்தின் தலையிலும் கொட்டிவிட்டான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டி விற்கிற பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் ரொட்டித் தட்டோடு தெருத்தெருவாகப் போகிறவள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை செர்வாவே வந்து நின்றாள்.

"என் மூஞ்சிக்காக எங்க அம்மா மூஞ்சியைக் கெடுத்தியாமே?"

ஒஃபோசு எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"நான் உன்னைக் கேட்டேனா? யாராவது என்னைக் கேட்டீங்களா? கல்லறைக்குப் போனப்போகூட இப்ப மாதிரி எல்லாரும் என்னைப் பாக்கல."

"தப்புதான்."

"தப்புன்னு எனக்கும் தெரியும். எப்படிச் சரி பண்ணுவ?"

"தெரியல," என்றான். பொய் சொல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அன்றுதான்.

செர்வா செருப்பை உதறிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டாள். "துணி சரியாகுமா?"

"துணி சரியாகும். கறுப்பும் சிவப்பும் வெளிறித்தான் இருக்கு, போயிடல. ஆனா மொத்தமா இருட்டாக்கினா நிழல்ல நின்னவங்க காணாமப் போயிடுவாங்க."

"அப்ப எதுக்கு மொத்தமா பண்ற? வெயில்ல நின்னவங்க ஒரு கூட்டம், பந்தல்ல இருந்தவங்க ஒரு கூட்டம்னு பிரி."

"துணியையும் சேர்த்துப் பிரி," என்றேன் நான் தடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து. அந்தச் சாவுக்குப் பாதித் துணி நான் தைத்தது. யார் கட்டியது அசல் சிவப்பு, யாருடையது போன வருடத்துச் சாவுக்கு வாங்கி இரண்டாம் முறை சாயம் போட்டது என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒன்பது நாள் பகலெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆறாயிரத்து நானூறும் இருபத்தேழு கூட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு படத்தை எடுத்து, செர்வா தலையாட்டும்வரை சரி செய்து, அந்தக் கூட்டத்துக்கு மட்டும் அதைப் போட்டு, வேறு பெயரில், புது டிஸ்க்கில் சேமித்தான். இன்னொரு பிரதி செர்வாவின் கைப்பையில் வீட்டுக்குப் போனது. அது அவள் போட்ட சட்டம். கல்யாணம் ஆகாத பெண் அங்கே அத்தனை நாள் உட்காரலாமா என்று தெருவில் கேட்டார்கள். நான் கூடவே இருக்கிறேன், கண்ணை எடுக்கவில்லை என்று பதில் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

சரியாகாத ஒன்று டச்சிவாவின் முகம். வெயிலில் நின்று, வந்தவர்களை வரவேற்ற அம்மாள், ஏற்கெனவே வெளுப்பு, வெளிச்சம் ஏறி வெறும் வெள்ளையாகிவிட்டார். அங்கே கண், மூக்கு எதையும் மீட்க வழியில்லை. எல்லாப் படத்திலும் தேடியதில் நிழலில் எடுத்தது ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. சவப்பெட்டியை வீட்டிலிருந்து தூக்கியபோது எடுத்தது. தோளில் துணி நழுவி, தலைக்கட்டு சரிந்து, வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"இதைப் போட அம்மா விடமாட்டா. தலைக்கட்டு சரியா இல்லன்னா வாசலுக்கே வரமாட்டா," என்றாள் செர்வா.

"போடலேன்னா ஆல்பத்துல அவங்களே இல்ல," என்றான் ஒஃபோசு.

அழைத்துவந்து காட்டினார்கள். டச்சிவா அன்று நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"இது எப்ப எடுத்த? நீ நின்னதை நான் பாக்கவே இல்ல."

"நீங்க யாரையும் பாக்கல, ஆண்ட்டி."

மூக்கை உறிஞ்சினார். "பக்கம் முழுக்கப் பெரிசாப் போடு. நியார்கோ கண்ணு மங்கல்."

நாற்பதாம் நாள் ஆல்பத்தை நியார்கோ மடியில் வைத்து, எல்லோர் முன்னாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அக்காள் அழும் பக்கத்தில் கை நின்றது. ஆறு வருடக் கதையெல்லாம் தெரிந்தவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒஃபோசுவைக் கூப்பிட்டார்.

"ரொட்டிக்காரி சொன்னது நெசமா? எங்க பொண்ணு ஒருத்திக்காக என் குடும்பத்தையே வெள்ளையடிச்சியாமே."

"நெசம்தான், மாமா."

"அவளைத் தவிர மத்தவங்களும் உன் கண்ணுக்குத் தெரியறாங்களா இப்ப?"

"இருபத்தேழு கூட்டமாத் தெரியறாங்க."

கிழவர் சிரிக்கவில்லை, ஆனால் தாடை ஆடியது. அக்காளைப் பார்த்தார். டச்சிவா வேறு எங்கோ பார்த்தபடி, "வர்றவன் வெறுங்கையோட வரக் கூடாது. அதைச் சொல்லிடு," என்றார்.

நான் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்து காலரைத் தைத்தேன்.

ஆகஸ்டில் கல்யாணம். அன்று படம் எடுக்க ஒஃபோசு சுன்யானியிலிருந்து ஆள் வரவழைத்தான், தன்னைத் தானே எடுக்க முடியாதே. இரண்டு வருடத்தில் இருவரும் டெச்சிமானுக்குக் குடிபோய் அங்கே ஸ்டுடியோ போட்டார்கள். கம்ப்யூட்டரில் செர்வாதான் உட்காருகிறாளாம், அவன் படம் எடுப்பதோடு சரி. ரொட்டிக்காரி ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு ஒபுவாசி போனாள். டச்சிவா அண்ணனின் வீட்டிலேயே தனியாக இருக்கிறார், சோப்பை விட்டுவிட்டார் என்கிறார்கள், நான் பார்த்தவரை விடவில்லை. ஒஃபோசுவின் கடையில் இப்போது போன் ரிப்பேர் செய்கிற ஒருவன் இருக்கிறான். நாள் முழுக்கக் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான். தடுப்பைச் சிமெண்டுச் சுவராக்கலாமா என்று கேட்டான். செய்துகொள் என்று சொல்லிவிட்டேன்.