முழங்காலுக்கு வாசித்தவர்

லிப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்குப் பாம்புச்செவியார் என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டே, மேலே ஓடுகிற மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதேதான் தேய்ந்திருக்கும். சத்த விஷயத்தில் அவர் காதில் பூ சுற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பார்கள் கூட வேலை செய்பவர்கள். அவரும் மறுத்ததில்லை. அந்த அளவுக்கு அடக்கம் அவருக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு வீட்டில் ஒரு குறை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஹாலில் நின்றபடி எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொள்வார். காலடியில் ஆம்ப்ளிஃபயர், எதிரே சோபாவில் மனைவி. இரண்டு வரி வாசிப்பதற்குள் அவளுக்குத் துணி மடிக்கவேண்டியது ஞாபகம் வந்துவிடும். துணி இல்லாவிட்டால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வரும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு பாட்டைக்கூட உட்கார்ந்து முழுதாகக் கேட்டவளில்லை. குறையென்று ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தன் வாசிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவராகவே முடிவு கட்டி, வருத்தத்தை விழுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார் மனிதர்.

போன மாதம் பழைய ஆம்ப் புகைந்து செத்தது. இனி வாங்கினால், பழைய ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடி வால்வு எரிகிற ஆம்ப்தான் என்று தீர்மானித்தார். கூடவே மனதுக்குள் இன்னொன்றும் தீர்மானித்தார்: புதியதைக் கேட்டும் அவள் எழுந்து போனால், கிடாரை யாருக்காவது கொடுத்துவிடுவது. இதை அவளிடம் சொல்லவில்லை. கிடார் கடைக்குக் கூட வந்து, கேட்டு ஒரு வார்த்தை சொல் என்று மட்டும் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன் இணைப்புக் கொடுக்கிற வேலை அவளுக்கு. லீவு நாளிலாவது காதுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றிருந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடை ஒரே நீள அறை. நடத்துகிறவள் முப்பது வயசுப் பெண்; சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், காதோரம் பென்சில். மூன்று சின்ன ஆம்ப்களைத் தரையில் வரிசையாக வைத்தாள். எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்திய மாடல்கள். புத்தகத்துக்கு மறுபதிப்புப் போடுகிற மாதிரி, அதே பெட்டி, அதே சர்க்யூட் என்று இப்போது திரும்பச் செய்து விற்கிறார்கள். மூன்றுமே ஐந்து வாட்தான். பார்த்தால் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பெட்டி மாதிரி இருந்தன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, போட்டுப் பாருங்க சார் என்றாள் அவள்.

சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடேற அரை நிமிஷம் காத்திருந்தார்கள். மனைவி கால் வலிக்கிறதென்று ஒரு முக்காலியை இழுத்து ஆம்ப்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பாம்புச்செவியார் கொண்டுவந்த கிடாரை மாட்டி நின்றபடி, முதல் ஆம்பில் தந்தியை இரண்டு தட்டுத் தட்டினார். மந்தமாக இருந்தது. குனிந்து, சத்தத்தின் கூர்மையைக் கூட்டுகிற டோன் குமிழைத் திருகினார், போதவில்லை, இன்னும் திருகினார். காதுக்குப் பளிச்சென்று வந்ததும் திருப்தியாக நிமிர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வரியில் மனைவி எழுந்துவிட்டாள். கடைக்கோடியில் அடுக்கியிருந்த டிரம்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். ஆயுளில் அவள் டிரம்மைத் திரும்பிப் பார்த்தவளில்லை.

அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கிடாரைக் கழற்றினார். போதும்மா, எல்லாத்தையும் எடுத்து வைங்க என்றார். குரல் உடைந்திருந்ததைக் கடைக்காரப் பெண் கவனித்திருக்கவேண்டும். அவரை விட்டுவிட்டு நேரே அவர் மனைவியிடம் போனாள். என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் காது கூசுகிறது என்றாள் மனைவி.

கடைக்காரப் பெண் திரும்பி வந்து கிடாரைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டாள். குமிழ் எதையும் தொடவில்லை. அவரை அந்த முக்காலியில் உட்காரச் சொன்னாள். பிறகு அவர் வாசித்த அதே இரண்டு வரியை வாசித்தாள்.

பாம்புச்செவியார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எண்ணெய் போடாத லிப்ட் தண்டவாளத்தில் இரும்பு உரசுகிற சத்தம். அதை நேராக மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. இதுவா என்றார்.

"நீங்க நின்னுக்கிட்டு வாசிக்கிறீங்க. ஸ்பீக்கர் உங்க முழங்காலுக்கு வாசிக்குது," என்றாள் அவள். "கூர்மையான சத்தம் நேராத்தான் போகும், மேல ஏறி வராது. உங்க காதுக்கு வரலைன்னு நீங்க கூட்டிக்கிட்டே போறீங்க. எதிர்ல உக்காந்திருக்கறவங்க கதியை யாரு பாக்கறது?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஊர் மோட்டாரையெல்லாம் காதாலேயே பிரித்துப் போட்டவர், தன் கிடார் எதிரே எப்படிக் கேட்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா இதையா கேட்டுக்கிட்டிருந்தே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்க காதைப் பத்தி ஊரே பேசுது," என்றாள் அவள். "இப்படித்தான் இருக்கணும்போல, எனக்குத்தான் கேக்கத் தெரியலைன்னு நெனச்சேன்."

கடைக்காரப் பெண் மூன்றாவது ஆம்பைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். மஞ்சள் துணி ஒட்டிய பெட்டி. முன்னால் இரண்டு முக்காலி போட்டாள். குமிழை இந்தத் தடவை அக்கா திருகட்டும் என்றாள். அவள் ஒரு தந்தியை மெல்லத் தட்டிக் காட்ட, மனைவி தயங்கித் தயங்கி டோனைக் குறைத்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கையை எடுத்தாள். பெட்டியின் பின்பக்கம் வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன.

அவர் கிடாரை வாங்கி, உட்கார்ந்து ஒரே ஒரு தந்தியை மீட்டினார்.

அடேயப்பா. அந்த ஒற்றைச் சுரம் அறை முழுக்க நிறைந்து நின்றது. மெல்லத் தொட்டால் மெல்லத் தெளிவாக வந்தது. அழுத்தினால் அழுகையை அடக்குகிற குரல் மாதிரி ஓரத்தில் கரகரத்தது. விரலைத் தளர்த்தினால் கரகரப்பு தானாகவே விலகிற்று. குமிழைத் தொடவேண்டிய வேலையே இல்லை, எல்லாம் விரல் நுனியில் நடந்தது. அவர் தயங்கிய இடத்தில் அதுவும் தயங்கியது. ஐந்து வாட் பெட்டிக்குள் இத்தனை உயிரா என்று அவருக்கு மெய் சிலிர்த்தது. வாசிப்பது தான்தானா என்று சந்தேகம் வந்து, இடதுகை விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகு பயத்தை மறந்து, கண்ணை மூடி, தனக்கு மிகவும் பழகிய ஒரு மெட்டை முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை வாசித்தார். கடைசி ஒலி தேய்ந்து அடங்குகிறவரை கடைக்காரப் பெண்கூட அசையவில்லை.

கண்ணைத் திறந்தால் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இது ரொம்ப நல்லா இருக்குங்க. எப்ப கத்துக்கிட்டீங்க? நான் கேட்டதே இல்லையே."

அவர் கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"தெனமும் வாசிக்கிறதுதான்," என்றார். "நமக்குக் கல்யாணமான அடுத்த வாரம், உனக்காகப் போட்ட மெட்டு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"முதல்லேருந்து வாசிங்க," என்றாள்.