எழுந்து போனால் கூப்பிடுவார்கள்

பூட்டுக்கடைக்காரருக்கு ஒரு வித்தை தெரியும். விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து, வாசலைப் பார்த்து மெதுவாக நடப்பார். எப்பேர்ப்பட்ட கொம்பனும் மூன்றாவது எட்டில் "அட, இருங்க" என்று கூப்பிட்டுவிடுவான்; தப்பினால் சில நாளில் ஆள் அனுப்புவான். கட்டில், பழைய வண்டி, இப்போதிருக்கும் கடை, எல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்த வித்தையோடுதான் நகரசபை அலுவலகத்தின் நான்காம் ஜன்னலுக்குப் போனார். மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம். கடைக்கு மேலே மாடியில் வீடு, பதினேழு செங்குத்துப் படிகள். கடைக்கும் தெருவுக்கும் நடுவில் எட்டடி இடம் சும்மா கிடந்தது. அதில் ஓர் அறை எழுப்பினால் அவள் தெருவைப் பார்த்தபடி உட்காரலாம். வரைபடம் பாஸாகிவிட்டது. கட்டணம் கட்டினால் அனுமதி கைக்கு வந்துவிடும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் சீட்டைத் தள்ளினாள். அதில் மூன்று வரி, மூன்று தொகை.

"பரிசீலனைக் கட்டணம்னா என்னம்மா?"

"உங்க வரைபடத்தைப் பார்க்கறதுக்கு."

"பார்க்கறதுக்கே காசா? என் கடையில நாள் பூரா பார்த்துட்டு சும்மாதான் போறாங்க."

அவள் சிரிக்கவில்லை. "கடைசி வரி வைப்புத்தொகை. வேலை முடிஞ்சு மண்ணு, கல்லெல்லாம் அள்ளிட்டா திருப்பிக் குடுத்துடுவோம்."

"திருப்பிக் குடுக்கப் போறதை எதுக்கு வாங்கணும்? அதைக் கழிச்சுக்கோங்க. மிச்சத்துல முக்கால்வாசி தரேன், ஒரே பேச்சு."

"ஐயா, இது கடை இல்ல."

"விலைன்னு ஒண்ணு சொல்லிட்டா அது கடைதான்ம்மா."

"முழுசா கட்டணும். முப்பது நாளுக்குள்ள."

அவர் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தார். ஓர் எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவதில் அவளுக்கு அவகாசம் தருவதற்காகச் சுவர்க் காலண்டரைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"அடுத்த ஆள் வாங்க" என்றது ஜன்னல்.

கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். கடையை விற்றவன்கூட இருபதாம் நாள்தான் வழிக்கு வந்தான்.

"கட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி. அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும்.

"இப்பவே கட்டினா அவங்களுக்கு ஏத்தமாயிடும். கெடு தாண்டட்டும், தானா இறங்கி வருவாங்க."

"நமக்கு விலை பேசற நேரமாங்க இது?"

"சும்மா இரு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

முப்பது நாளும் தபால்காரன் அவர் கடையைத் தாண்டித்தான் போனான். முப்பத்துமூன்றாம் நாள், எதற்கும் இருக்கட்டுமென்று முழுத்தொகையையும் எடுத்துக்கொண்டு, மழை மூட்டத்தில் குடையோடு போனார்.

"இது காலாவதியாயிடுச்சு, ஐயா."

"சரி, தண்டம் போட்டு வாங்கிக்கோங்க."

"தண்டமெல்லாம் இல்ல. புது விண்ணப்பம்தான் போடணும். ஒண்ணாம் தேதியிலிருந்து விதியும் மாறிடுச்சு. தெருவிலிருந்து பத்தடி தள்ளித்தான் கட்டலாம்."

"என்கிட்ட இருக்கறதே எட்டடிதானேம்மா."

அவர் பணத்தையெல்லாம் எடுத்து ஜன்னலில் வைத்தார். "இதுக்கு மேல நீங்க சொல்றதைத் தரேன்." வாங்குகிற இடத்தில் அவர் தானாக விலையை ஏற்றியது அன்றைக்குத்தான்.

"எடுத்து வைங்க, ஐயா. கெடுவுக்குள்ள கட்டியிருந்தா பழைய விதியே செல்லும்."

எழுந்தார். இந்தத் தடவை வித்தை ஏதுமில்லை, பணத்தை வாரிக்கொண்டு நடந்தார். மூன்றாவது எட்டு வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, இருங்க."

சடாரென்று திரும்பினார். அவள் ஜன்னல் வழியாகக் குடையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பதினேழு படி ஏறி வீட்டுக்குள் வந்தபோது மனைவி விழித்திருந்தாள்.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"எவ்வளவு குறைச்சாங்க?"

குடையை மூலையில் சாய்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கெடு தாண்டியது, விதி மாறியது, பத்தடி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் பதில் பேசலாம். பேசினால் எப்படியும் ஒரு இடத்தில் வந்து படியும்.

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னைச் சுவர்ப் பக்கமா திருப்பிப் படுக்க வைங்க" என்றாள்.