ராஜபாண்டி சொல்லாத ஒரு சொல்

என் மகள் ஜாயைக் கொன்றவன் என்று போலீஸ் எழுதி வைத்திருந்த பையனோடு நான் முதலில் பேசியது கோர்ட் வராந்தாவில், அவன் யார் என்று தெரியாமல். காலில் கம்பி வைத்த பிறகு என்னால் அதிக நேரம் நிற்க முடியாது. பெஞ்சில் இடம் இல்லை. அவன்தான் எழுந்து, "இங்கன உக்காருங்க ஆன்ட்டி" என்றான். சுவரில் சாய்ந்துகொண்டு பேச்சும் கொடுத்தான்.

"என்ன கேஸு, சொத்தா?"

"ஆக்சிடென்ட்."

"நமக்கும் அதான். நீங்க இடிச்சீங்களா, இடி வாங்குனீங்களா?"

"வாங்கினேன்."

"அப்ப நீங்க தப்பிச்சீங்க. இடிச்சவன் பாடு நாய் படாத பாடு. போன வாய்தாவுக்கு வந்து நாள் பூரா உக்காந்துட்டுப் போறேன், ஜட்ஜையா லீவாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாய் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அப்போது உள்ளேயிருந்து "ராஜபாண்டி, ராஜபாண்டி" என்று கூப்பிட்டார்கள். அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். என் வக்கீல் நயினார் என் காதருகே குனிந்து, "அவன்தான் அக்கா" என்றார். கைத்தடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், சாயங்காலம்வரை விரல்கள் நிமிரவில்லை.

விபத்து நடந்த அன்று மாப்பிள்ளையூரணியில் என் தங்கை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜாய் ஓட்டினாள், நான் பின்னால். துறைமுக ரோட்டில், உப்பளத்தை ஒட்டிய வளைவில் கண்டெய்னர் லாரி எங்கள் மேல் திரும்பியது. டயர் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆஸ்பத்திரி மின்விசிறிதான் தெரியும். நான் கண் விழித்தபோது அவளை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். என் மகளின் கல்லறைக் குழியில் ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

லாரி எங்கள் சபைக்காரர் சுந்தரராஜுடையது. அவரும் மனைவி அனுஜாவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கட்டிலருகே முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள். "புது டிரைவர் அக்கா, கை பழகாத பய" என்று சுந்தரராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் மகன் பெனிஸ்டன் கோயம்புத்தூரில் படிப்பதாகவும், செய்தி கேட்டு அங்கே சாப்பிடாமல் கிடப்பதாகவும் அனுஜா சொன்னாள். நான் நம்பினேன். ஆப்பிளைக்கூடத் தின்றேன்.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிப்பார்கள். கவரின் மேல் குடும்பத்தின் பெயரும் காரணமும் எழுதியிருக்கும். பரீட்சையில் தேறியதற்காக, வெளிநாட்டு வேலைக்காக, சுகப் பிரசவத்துக்காக. பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்தவர்கள் அதன் காரணத்தைச் சபையார் கேட்கும்படி சொல்லியாக வேண்டும். ஒளித்துப் போட்டால் பொருத்தனை தீராது என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். அவனைக் கோர்ட்டில் பார்த்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எப்போதும்போல ராகம் போட்டு வாசித்துக்கொண்டே போனார்.

"சுந்தரராஜ், அனுஜா குடும்பத்தார். அன்பு மகன் பெனிஸ்டனை துறைமுக ரோட்டில் நேரிட்ட விபத்தில் ஒரு சேதமும் அணுகாமல் காத்த கிருபைக்காக."

அடுத்த கவருக்குப் போய்விட்டார். சபையில் யாரும் அசையவில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சுந்தரராஜின் தலை மட்டும் பெண்கள் பக்கம் திரும்பியது. அனுஜா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கும் போலீசுக்கும் பயப்படாதவள், பொருத்தனைக்குப் பயந்துவிட்டாள். கோயம்புத்தூரில் இருந்தவனுக்குத் துறைமுக ரோட்டில் என்ன ஆபத்து?

மறுநாளே நயினாரிடம் போனேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "காணிக்கைக் கவர் சாட்சி ஆகாது அக்கா. எழுத்துப் பிழைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. வண்டிக்குள்ள இருந்தவன் வாயத் திறக்கணும்."

ராஜபாண்டி வாயைத் திறக்க வேண்டும். அன்றிலிருந்து என் வாழ்க்கையில் வேறு வேலை இல்லை.

அவன் பகல் முழுக்கக் கடற்கரைச் சாலையில், ரோச் பூங்கா பக்கம் பைக்கின் மேல் மல்லாந்து படுத்திருப்பான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போனேன். என்னைக் கண்டதும் துள்ளி இறங்கினான். அதற்குள் நான் யார் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"ஆன்ட்டி, நான் ஒண்ணும்..."

"ஏலே, ஓடாத. எனக்கு பிசியோதெரபிக்குப் போகணும். ஆட்டோவுல காலை மடக்க முடியல. நீ பைக்குல கூட்டிட்டுப் போவியா?"

"நானா?"

"உனக்கு வேற சோலி இருக்கா?"

அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். "இல்ல" என்றான்.

கம்பி வைத்த என் காலை அவன் தினமும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பிசியோதெரபி அறையில் அவனை வாசலில் நிற்க விடாமல் உள்ளே உட்கார வைப்பேன். வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு வாய்விட்டே கத்துவேன். அவன் தரையைப் பார்ப்பான்.

வண்டியில் ஏறும்போதெல்லாம், "கெட்டியா பிடிச்சிக்கோங்க ஆன்ட்டி, இன்னொரு கேஸு என்னால தாங்காது" என்பான். பக்கத்து வீட்டு ஷெர்லி ஒருநாள் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மகளக் கொன்னவன் முதுகப் பிடிச்சிக்கிட்டுப் போறியே ஏளா, உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றேன். அவன் ஹெல்மெட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

அவன் எதிலும் நிலைத்தவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் சாப்பாடு டெலிவரி, இங்கே ஐஸ் பிளான்ட், கப்பலில் கண்டெய்னர் கட்டும் வேலை. எதிலிருந்தும் யாரும் அவனைத் துரத்தி விடவில்லை. ஒருநாள் காலையில் போகத் தோன்றாது, போகமாட்டான், அவ்வளவுதான். ஹெவி லைசென்ஸ் எடுத்திருந்தான். ஆனால் ஸ்டியரிங்கை யாரும் நம்பிக் கொடுக்காததால் சுந்தரராஜின் லாரியில் கிளீனராகச் சுற்றினான்.

அவனை வெறுப்பது சிரமமாகிக்கொண்டு வந்தது. பொரித்த புரோட்டாவை எனக்குச் சின்னதாகப் பிய்த்துத் தருவான். கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்த காலத்து மாலுமிக் கதைகளை நான் சொன்னால், "சும்மா அடிச்சு விடாதீங்க" என்று கிண்டல் செய்வான். ஜாய் இருக்கும்போதுகூட நான் இவ்வளவு பேசியதில்லை. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் என்மேலேயே ஆத்திரம் வரும். ஜாயின் போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் எதற்காக அவனோடு திரிகிறேன் என்பதை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம், கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"லாரிய ஓட்டினது பெனிஸ்டன்தானல?"

அவன் புரோட்டாப் பொட்டலத்தை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"மொதலாளி வண்டி தாரேன்னு சொன்னாரு ஆன்ட்டி. கேஸு முடிஞ்சதும் ஒரு வண்டிக்கு நீதான் பெர்மனன்ட் டிரைவர்னு. எனக்கு இதுவரைக்கும் யாரும் எதையும் தாரேன்னு சொன்னதில்ல."

"பெனிஸ்டன்தானே?"

"ஆமா. ஓட்டிப் பழகுதேன்னு ஏறினான். நான் பக்கத்து சீட்டுல இருந்தேன்."

அவனாகவே மீதியைச் சொன்னான். எனக்கு நினைவு தப்பியபின் நடந்ததை.

"நான் இறங்கி ஓடினேன். நீங்க ஓரமா கெடந்தீங்க. அந்த அக்கா முன் சக்கரத்துக்குப் பின்னால. கை அசஞ்சுது ஆன்ட்டி. 'அண்ணே, உசுரு இருக்கு, உசுரு இருக்கு'ன்னு கத்தினேன். அவன் வண்டிய ரிவர்ஸ் எடுத்தான்."

ஜாயின் மேல் இரண்டு தடவை சக்கரம் ஏறியிருந்ததாக டாக்டர் எழுதியிருந்தார். லாரிக்கு நிறையச் சக்கரங்கள், அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ கத்தினத கேட்டுட்டு எடுத்தான்."

"அது எனக்குத் தெரியாது ஆன்ட்டி."

"பொழைச்சா காலம் பூரா வழக்கு. செத்தா ஒரேயடியா முடிஞ்சிரும். அதான் எடுத்தான். சொல்லுல."

"கண்ணாடி ஏத்தியிருந்துது. பாட்டு ஓடிட்டிருந்துது. அவனுக்குக் கை காலெல்லாம் ஒதறிச்சு. கேட்டுதோ, கேக்கலியோ. நான் அவன் மூஞ்சியப் பாக்கல. அக்காவத்தான் பாத்தேன்."

கோர்ட்டில் இதைச் சொல்வாயா என்று கேட்டேன். நயினார் எச்சரித்ததையும் மறைக்கவில்லை: பொய்யாகப் பழியை ஏற்றதற்கு அவன்மேல் தனி வழக்கு வரும், உள்ளே போட்டாலும் போடுவார்கள்.

"வெளிய இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சேன்?" என்றான். பிறகு, "உங்கள யாரு கூட்டிட்டுப் போவா?" என்றான்.

மறுவிசாரணை நடந்தது. பெனிஸ்டன் பெயர் வழக்கில் ஏறியது. ராஜபாண்டியை பேரூரணி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். சுந்தரராஜ் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அனுஜா ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அவனும் பிள்ளதானே அக்கா" என்று அழுதாள். ஜாயும் பிள்ளைதான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு கதவுக்குப் பின்னாலேயே நின்று, அவள் அழுவதைக் கடைசிவரை கேட்டேன். நன்றாக இருந்தது.

ஆனால் எனக்கு அது போதாது. கவனக்குறைவு என்றால் சில வருஷங்களில் வெளியே வந்துவிடுவான், கல்யாணம் செய்வான், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பான், அதற்கும் ஒரு காணிக்கைக் கவர் வரும். தெரிந்தே ஏற்றினான் என்றால் கொலை. இரண்டுக்கும் நடுவில் ராஜபாண்டியின் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. சாட்சி நாளைக்கு முன்பு ஜெயிலில் போய்ப் பார்த்து, பெனிஸ்டன் கேட்டுவிட்டுத்தான் எடுத்தான் என்று சொல்லச் சொன்னேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கூண்டில் ஏறியதும் அவன் என்னைத்தான் முதலில் தேடினான். யார் ஓட்டியது, எங்கே திரும்பியது, யார் இறங்கியது, எல்லாவற்றையும் சொன்னான். கை அசைந்ததைச் சொன்னான். கத்தியதைச் சொன்னான். வண்டி பின்னால் உருண்டதைச் சொன்னான். பெனிஸ்டன் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவன் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது என்று கவனித்தேன். இன்னும் மெலியட்டும் என்று நினைத்தேன்.

"நீர் கத்தியதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வண்டியைப் பின்னால் எடுத்தாரா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

ராஜபாண்டி என்னைப் பார்த்தான். சொல் என்று தலையை அசைத்தேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அசைத்தேன்.

"தெரியாது ஐயா" என்றான்.

சுந்தரராஜ் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இனி அந்தப் பையன் முகத்தில் விழிப்பதில்லை என்று வீட்டுக்கு வந்ததும் சத்தியம் செய்தேன். ஜெயிலில் ஆளைப் பார்க்க விடும் அடுத்த மனு நாளிலேயே பேரூரணிக்குப் போய் நின்றேன்.

"ஏலே, ஒரு வார்த்தை. எனக்காக ஒரே ஒரு வார்த்தை."

"பொய் சொல்லித்தான ஆன்ட்டி இங்கன வந்து கெடக்கேன்? மறுபடியும் அதையே செய்யச் சொன்னா எப்படி?"

"அது பொய் இல்ல."

"உங்களுக்குத் தெரியும்னா நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியாதுல்லா?"

பக்கத்தில் ஒரு பெண் புருஷனோடு கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலு எப்படி இருக்கு?" என்றான்.

"அப்படியேதான் இருக்கு."

"பிசியோதெரபி?"

"போகல."

"போகலியா? கிறுக்கா ஆன்ட்டி உங்களுக்கு? அவ்வளவு மடக்கி நிமுத்தி வச்சிருந்தமே, எல்லாம் வீணாப் போயிரும்லா!" வலையைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டான். காவலர் திரும்பிப் பார்த்தார்.

நயினாரிடம் மேல்கோர்ட்டில் மனுப் போடச் சொல்லியிருப்பதை அவனிடம் சொன்னேன். கொலை என்று சேர்க்கச் சொல்லி. ஜெயிப்பது கஷ்டம் என்று நயினார் சொன்னதையும், அது என் கவலை என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவனை மறுபடியும் கூப்பிடுவார்கள் என்றேன்.

"கூப்பிடட்டும்."

"அப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லுவியா?"

"அதுக்குள்ள எனக்கு எப்படி ஆன்ட்டி தெரிஞ்சிரும்?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். காலை ஊன்றி எழுந்தேன். வெளியே வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் கடுத்தது. அவன் சொன்னது சரிதான், மடங்கவில்லை.

அடுத்த மனு நாளுக்கும் போவேன். அதையேதான் கேட்பேன். அவன் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். கை அசைந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?