ஏரியைப் பார்த்து நின்ற முதுகு

மூன்றாம் மாடி ஆறாம் எண் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொக்கு ஒன்று வந்து சேர்ந்தது. சன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்திருந்தது. கதவும் உள்ளே தாழ் போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரியை எல்லோரும் லென்ஸக்கா என்பார்கள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவள் வேலை. அவள் எடுத்த கொக்குப் படத்தை ஏதோ ஒரு நாட்டில் யாரோ இணையத்தில் வாங்கிய அதே நிமிடம், படத்திலிருந்த கொக்கு அவள் சமையலறைத் தொட்டியில் ஒற்றைக்காலில் நின்றது. பொழுது சாய்ந்ததும் இல்லாமல் போனது. அன்று முழுக்கப் பாத்திரம் கழுவ முடியவில்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறு குறை இல்லை.

கேமரா, கணவர் தூரதேசத்துக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வாங்கிக் கொடுத்தது. குளிர்பதனக் கிடங்கில் நாலு வருட ஒப்பந்தம், இடையில் விடுப்பு கிடையாது. மகளுக்கு அப்போது நாலு மாதம். "சும்மா உக்காந்து அழுதுட்டிருக்காத, எதையாவது படம் புடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சொன்ன பேச்சைப் பாதி கேட்டாள்: கொஞ்சம் அழுதாள், மீதி நேரத்தில் படம் பிடித்தாள். இணைய வகுப்பில் சேர்ந்து, விடிந்த முதல் ஒரு மணி நேர வெளிச்சத்தை நம்பவும், மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தவும், வாங்குகிறவர் தன் விளம்பர வாசகத்தை எழுதிக்கொள்ளப் படத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விடவும் கற்றுக்கொண்டாள். படம் விற்கும் தளமோ முதல் நாற்பத்தேழு படங்களையும் திருப்பியடித்தது. சாய்ந்திருக்கிறது, புள்ளி விழுந்திருக்கிறது, தெளிவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவளிடம் தெளிவில்லை என்றால் ரோஷம் வராதா? நாற்பத்தெட்டாவதாகப் போனதுதான் அந்தக் கொக்கு.

அதன்பிறகு எந்தப் படம் விற்றதோ அதற்குத் தகுந்தபடி வீடு இருந்தது. மூடுபனி விற்ற அன்று கூடத்தில் சாவிக்கொத்தைத் தேடி எடுக்க அரை நாள் ஆனது. தும்பிகள் விற்ற வாரம் கீழ்வீட்டுக்காரர் புகார் எழுதிக் கொடுத்தார்; குடியிருப்புச் செயலாளர் வந்து பார்த்து, வளர்ப்புப் பிராணிகளுக்கான விதிகளில் தும்பி வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஏரிக்கரையில் எடுத்த படம் ஒன்றும் அவளிடம் இருந்தது. வலது ஓரத்தில் அவர் முதுகு, இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். முகம் தெரிந்தால் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். முதுகுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்காகப் படத்தோடு சொற்களும் சேர்க்க வேண்டும். அவள் 'என் கணவர்' என்று மட்டும் எழுதினாள். ஒரு வருடம் அதைச் சீந்த ஆளில்லை. வகுப்பெடுத்த அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரரை யாரும்மா தேடப் போறாங்க? அவங்களுக்கு யாரோ ஒருத்தர் வேணும், அவ்வளவுதான்." மனசே இல்லாமல் அதை அழித்துவிட்டு, மனிதன், முதுகு, அமைதி, ஓய்வுக்காலம், காப்பீடு என்று எழுதினாள். மூன்றாம் நாள் ஒரு காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. பால்கனியில் அவர் நின்றார்.

முகத்தைப் பார்க்க ஓடினாள். எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் முதுகுதான் இருந்தது; படத்தில் இல்லாதது எங்கிருந்து வரும்? நெற்றியை அதில் வைத்துக்கொண்டு அழுதாள். சட்டையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் சூடாக இருந்தது. அன்று போனில் அவர், "கிடங்குல உறையற குளிர். ஆனா இன்னைக்கு முதுகு மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு, யாரோ சாஞ்சுக்கிட்ட மாதிரி" என்றார். "யாரோ இல்லீங்க, நான்தான்" என்றாள். அவர் நம்பினார். அவர் எப்போதும் அவளை நம்புகிறவர்தான்.

உலகத்தில் காப்பீட்டுக்குப் பஞ்சமில்லாததால் முதுகு மாதம் ஏழெட்டு முறை வந்தது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டம் பழகினாள். விளம்பர வாசகத்துக்கென்று விட்டிருந்த அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்பிக்கொள்வாள். போனில் முகம் காட்டுகிறவர் அவளுக்குப் போன் அப்பா. பால்கனியில் நிற்கிறவர் வீட்டு அப்பா. போன் அப்பாவுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

நாலு வருடம் முடிகிற நேரத்தில் கம்பெனி இன்னும் நாலு வருடம் இருக்கச் சொன்னது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், நாமும் போட்டுவிடலாம் என்று அவர் அலுவலகத்துக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். அதே நேரம் இங்கே படம் விற்று, முதுகு வந்து, மகள் அதில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். அங்கே அவர் முதுகில் ஒரு சின்னப் பாரம் இறங்கியது. மூச்சு சீராக ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. குனிந்தால்தான் கையெழுத்துப் போட முடியும். குனிந்தால் பிள்ளை விழித்துவிடும். ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் படிவத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் ஊர் வந்து சேர்ந்த அன்று மகள் வீடே அதிர அலறினாள். "அம்மா, போன்ல இருக்கறவர் வெளிய வந்துட்டார்!" கட்டிலுக்கு அடியில் போனவள் இனிப்புக்கும் மசியவில்லை, பொம்மைக்கும் மசியவில்லை. அவர் முகம் வாடிப்போனதை லென்ஸக்கா பார்த்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றாள். அவர் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது, பிறகு மகளே வந்தாள்; அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, போன் ஆள் வந்திருக்கார், பாத்தியா?" என்று முறையிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. வந்தாலும், முதுகு குலுங்காமல் அழுதார்.

ஒரு வாரம் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டார், சுவரைப் பார்த்தபடியே கதை சொன்னார். எட்டாம் நாள் மதியம் மகள் தட்டோடு எழுந்து, ஏதோ யோசித்தவளாக அவரைச் சுற்றி வந்தாள். முதுகு முடிந்து தோள் வந்தது, தோள் முடிந்து காது வந்தது, அப்புறம் முகம் வந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கைத் தொட்டாள்.

"அப்பா, உனக்கு முன்பக்கமும் இருக்கா?"

"இருக்கும்மா" என்றார்.

சரியென்று அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு காப்பீட்டு நிறுவனம் படத்தை வாங்கியது. பால்கனியில் முதுகு வந்து நின்றது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.